தோட்டத்திலிருந்து வந்த பாட்டு
தமிழ்த் தனியிசைக் குழுக்களைக் கேட்பதும் மதிப்பிடுவதும்

வால்பாறை என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் பலருக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வரும். 1990களில் மால்குடி சுபா பாடிய 'வால்பாறை வட்டப்பாறை' அது. எந்தத் திரைப்படத்திலும் இடம்பெறாத பாட்டு. கதையும் காட்சியும் தாங்கிப் பிடிக்காமலேயே அது தொலைக்காட்சி வழியாகவும் ஒலிநாடா வழியாகவும் ஊர் ஊராகச் சென்றது. திரைக்கு வெளியிலும் தமிழில் ஒரு பாட்டுக்கு வாழ்வு உண்டு என்பதைக் காட்டிய சில பாட்டுகளுள் அதுவும் ஒன்று. ஆனால் துள்ளலான அந்தப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் வால்பாறையை ஓசை நயம் மிக்க ஒரு பெயராகவே மனத்தில் வைத்துக்கொண்டனர். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால் அங்கே வாழ்கின்ற மக்கள் எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் என்று வினவ எவருக்கும் தோன்றவில்லை.

அந்த வினாவை இன்று எழுப்பலாம். ஏனெனில் இன்று தமிழில் திரைப்படத்தைச் சாராத பாட்டுகள் வாரந்தோறும் வெளிவருகின்றன. இளைஞர் நால்வர் கூடி ஒரு குழுவுக்குப் பெயர் சூட்டி, வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்து, அன்று மாலையே உலகுக்கு வெளியிட்டுவிட முடிகிறது. கைபேசியில் குவியும் இந்தப் பாட்டுகளுள் எதைக் கேட்பது, எதை விடுவது, கேட்டதை எந்த அளவுகோலால் அளப்பது என்று நம் இல்லங்களில் உள்ள இளையோருக்கும் தெரிவதில்லை. அவர்களைக் குறைகூறும் மூத்தோருக்கும் தெரிவதில்லை. இக்கட்டுரை அதற்கு ஒரு வழி காண முயல்கிறது.

தனியிசை என்பது யாது?

'இண்டி' என்று இளைஞர் சுருக்கமாகச் சொல்வதை நாம் தனியிசை என்று அழைப்போம். திரைப்பட முதலாளியும் இயக்குநரும் கேட்டபடி அமையாமல், பாடுகிறவர் தாம் சொல்ல விரும்பியதைத் தாமே எழுதி, மெட்டமைத்து வெளியிடுவது என்பது இதன் எளிய பொருள். நம் நாட்டில் திரையிசை ஏறத்தாழ எல்லா இசையையும் விழுங்கி வளர்ந்துள்ளமையால், அதற்கு வெளியே நிற்பதற்கே துணிவு தேவைப்படுகிறது. இளையராஜாவே 1986ல் 'ஹவ் டு நேம் இட்', 1988ல் 'நத்திங் பட் விண்ட்' என்னும் திரை சாராத தொகுப்புகளை வெளியிட்டார். திரையில் அரசோச்சியவருக்கும் திரைக்கு வெளியே சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது என்பதற்கு அவை சான்று.

எனினும் திரைக்கு வெளியே இருப்பது மட்டுமே தனியிசை ஆகிவிடாது. 2018ல் ஒரு குளிர்பான நிறுவனமும் ஒரு பெரிய இசை நிறுவனமும் இணைந்து 'மெட்ராஸ் கிக்' என்னும் வரிசையை வெளியிட்டன. அதில் வந்த 'ஒரசாத' என்னும் பாட்டு பெரும் புகழ் பெற்றது. இனிய மெட்டு, நேர்த்தியான ஒலிப்பதிவு. ஆனால் அதனை அமைத்த விவேக்–மெர்வின் இணையர் முன்பே திரையிசை அமைத்தவர்கள். பாட்டின் மொழியும் உணர்வும் திரைக்காதலின் மொழியும் உணர்வுமே. படம் ஒன்றில் வைத்தாலும் அது பொருந்தியிருக்கும். அதைக் கேட்டு மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் திரைப்படம் இல்லாத திரைப்பாட்டு என்றே அதனைச் சொல்ல வேண்டும். வெளியீட்டின் முறை புதிதாக இருப்பதையும் பாட்டின் உள்ளடக்கம் புதிதாக இருப்பதையும் நாம் பிரித்தறிய வேண்டும்.

தோட்டங்களில் பிறந்த குரல்

தமிழ்த் தனியிசையின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் வியப்பான உண்மை ஒன்று தெரிகிறது. அதன் வலிமையான குரல்கள் பலவற்றின் பின்னால் தோட்டத் தொழிலாளரின் வாழ்வு நிற்கிறது.

1958ல் கேரளத்தின் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாட்டுப் பாடியவர் பாவலர் வரதராசன். அவருடன் சென்ற தம்பிதான் பின்னாளில் இளையராஜாவாக அறியப்பட்டவர். அறிந்த நாட்டுப்புற மெட்டில் அன்றாட அரசியலைப் பொருத்தி, லயன் வீடுகளின் முன்னே நின்று பாடிய அந்தச் சகோதரர்களை அக்காலத்தில் எவரும் தனியிசைக் குழு என்று அழைக்கவில்லை. ஆனால் தாமே எழுதித் தாமே மெட்டமைத்து மக்களிடம் நேரே சென்று பாடுவது தனியிசை என்றால், பாவலர் சகோதரர்கள் அதன் முன்னோடிகளே.

கடல் கடந்து மலேசியாவுக்குச் சென்றால் அங்கும் இதே நிலைதான். இரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் பெருநகரங்களில் குடியேறி வளர்ந்த சூழலில்தான் தமிழ்ச் சொல்லிசை வேரூன்றியது. யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006ல் வெளிவந்தபோது, அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் இசை வடிவம் தமிழில் இவ்வளவு இயல்பாக ஒலிக்குமா என்று தமிழ்நாட்டு இளைஞர் வியந்தனர்.

மூன்றாவது, இலங்கை மலையகம். அங்கிருந்து வந்த நினைவே அண்மைக் காலத்தில் உலகெங்கும் ஒலித்தது. அதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒன்று விளங்கும். நிலமில்லாதவருக்கும் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்பட்டவருக்கும் கையோடு எடுத்துச் செல்ல இருந்த உடைமை பாட்டு ஒன்றே. அதற்குச் சுமைகூலி இல்லை. கங்காணி அதைக் கணக்கில் பிடித்துக்கொள்ளவும் முடியாது.

மூன்று படைப்புகள், மூன்று பாடங்கள்

முதலாவது, நம் கொங்கு நாட்டிலிருந்தே தொடங்குவோம். கோவையில் வளர்ந்த ஆதியும் நண்பர் ஜீவாவும் இணைந்த 'ஹிப்ஹாப் தமிழா' 2012ல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் பின்புலமின்றி இரு இளைஞர் தமிழில் சொல்லிசை செய்து கல்லூரி தோறும் புகழடைந்தது சிறிய செயலன்று. தாய்மொழியில் பேசுவது நாகரிகக் குறைவு என்று கருதிய இளையோருக்கு அது தன்மதிப்பை அளித்தது. இது அதன் நிறை. ஆனால் மொழிப்பெருமை அடிக்கடி தற்பெருமையாகச் சறுக்குகிறது என்பது குறை. 2011ல் அவர்களுக்கு முதற்புகழ் ஈட்டித் தந்த பாட்டு, கேளிக்கை விடுதிக்குச் செல்லும் பெண்களை எள்ளி நகையாடி ஆண்களின் கைதட்டலைப் பெற்றது. பண்பாட்டைக் காக்கும் பொறுப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுவது புதிய கருத்தன்று, பழைய சுமைதான். வடிவம் புதிதாக இருக்கையிலும் பார்வை பழையதாகவே இருக்கக்கூடும் என்பது இப்படைப்பு தரும் பாடம். பின்னர் 2015 முதல் அக்குழு திரையிசைக்குள் நுழைந்தது. தனியிசை பலருக்குத் திரைக்கு ஏறும் ஏணியாகவே அமைந்துவிடுகிறது. ஏறியவரைப் பழிப்பதற்கில்லை, வயிறும் வாழ்வும் எவருக்கும் உண்டு. ஆனால் ஏறியபின் ஏணியை நாடுவோர் குறைந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், இசையமைப்பாளர் டென்மாவின் வழிநடத்தலில் உருவான இக்குழு 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியில்லாத தமிழர்' என்னும் கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. வடசென்னையின் கானா, பறை, மேற்கத்திய கித்தார், சொல்லிசை ஆகிய யாவும் ஒரே மேடையில் ஒன்றையொன்று அடக்காமல் ஒலித்தன. சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட கானாவும் பறையும் நடுமேடைக்கு வந்தமை இசைக்கு அப்பாற்பட்ட செய்தியும் ஆகும். ஆண்களுக்கே உரியதாக இருந்த கானாவில் இசைவாணியின் குரல் கம்பீரமாக எழுந்தது. 2020ல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இக்குழுவின் ஆற்றல் பன்மைக் குரலில் இருக்கிறது. தனியொருவர் நாயகராக நின்று பாட, ஏனையோர் பின்னால் நிற்கும் வழக்கத்தை அது உடைத்தது. குறையையும் சொல்ல வேண்டும். சில பாட்டுகளில் முழக்கம் முந்திக்கொள்கிறது. இசை பின்தங்கி ஓடிவருகிறது. மேடையின் எதிரே நின்று கேட்கும்போது உடலை அதிரவைக்கும் பாட்டு, அறையில் தனித்துக் கேட்கும்போது அறிக்கை போலத் தோன்றுவதுண்டு. அறம் சரியாக இருப்பதனால் மட்டும் பாட்டு நிலைத்துவிடாது. அதே அறத்தைச் சிறு காட்சியாக, ஒரு மனிதரின் முகமாக மாற்றிய பாட்டுகளே நினைவில் தங்குகின்றன. இந்த இடத்தில், டென்மாவும் கபேர் வாசுகியும் இணைந்த 'குரங்கன்' குழுவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே கபேர் வாசுகியின் வரிகள் உரத்துப் பேசுவதில்லை. பேச்சுத் தமிழின் இயல்பான ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்கிக்கொண்டு, சிரிப்பும் கசப்புமாக நம்மிடம் பேசுகின்றன.

மூன்றாவது, 2021 மார்ச் 7 அன்று வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி'. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், 'மாஜா' என்னும் நிறுவனம் வெளியிட்ட பாட்டு. அரக்கோணத்துக்காரரான அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட கதைகளிலிருந்து அதனை உருவாக்கினார். நிலமற்ற அவர் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள்.

இங்கே வால்பாறைக்காரர் எவரும் சற்று நிமிர்ந்து உட்காருவர். 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று, மக்களைச் சரக்குப் போலப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலையளிக்கவே 1968ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. நீலகிரியில் மட்டுமன்றி வால்பாறையிலும் அதன் தோட்டங்கள் உள்ளன. வள்ளியம்மாளின் கதை ஒரு குடும்பத்தின் கதையாக இருந்தாலும், ஆனைமலையில் எத்தனையோ இல்லங்களின் பழைய பெட்டிகளில் அதே கதை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பாட்டாக அது எத்தகையது? ஒப்பாரியின் இழுவையும் ஆட்டத்தின் தாளமும் ஒன்றுகூடுவது எளிதன்று. துயரத்தைச் சொல்லும்போது மெட்டு தளர்ந்துவிடும். ஆட்டத்தில் துயரம் மறைந்துவிடும். இப்பாட்டு இரண்டையும் ஒரே மூச்சில் தாங்குகிறது. உழைத்தவனுக்கு நிலமில்லை என்னும் கசப்பும், இந்த மண் நாயும் பூனையும் உட்பட எல்லா உயிருக்கும் உரியது என்னும் நன்றியும் அதில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. குழந்தைகள் ஆடினார்கள், பாட்டிமார் கண் கலங்கினார்கள். இரு சாராரையும் ஒரே பாட்டு தொட்டதே அதன் தகுதிக்குச் சான்று. குறை கூறுவதானால், அதன் காட்சிப் படத்தின் வண்ணக் கோலாகலம் சில இடங்களில் வறுமையை விழாவாக மாற்றிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு அந்தப் பாட்டு இன்னும் ஆழமாகும்.

பெயர் யாருக்கு?

அப்பாட்டின் பிற்கால வரலாறு அதைவிடத் துயரமானது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் மற்றொரு கலைஞரும் இடம்பெற, அறிவின் முகம் இல்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவருக்குத் தனி அட்டை வெளியிடப்பட்டது. 2022 சூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே அப்பாட்டு பாடப்பட்டது. அதன்பின் பாட்டை உருவாக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது குறித்து மூவரும் தத்தம் தரப்பை வெளிப்படையாக எழுதினர். 2024ல், அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் உழைத்தவருக்கு விளைச்சலில் பங்கில்லை என்று பாடிய பாட்டே, அதே வினாவுக்குள் சிக்கிக்கொண்டது எத்தகைய முரண்! ஆகவே, புதிய வெளியீடு ஒன்றைக் கேட்கும்போது பாடியவர் பெயரோடு நின்றுவிடாமல், எழுதியவர் யார், மெட்டு எங்கிருந்து வந்தது, பறை அடித்தவர் யார் என்று தேடிப் பார்ப்பதும் விமரிசனத்தின் ஒரு பகுதியே. மக்களிடமிருந்து எடுத்த மெட்டுக்கு 'நாட்டுப்புறம்' என்று பெயரிட்டுவிட்டால், அதைப் பாடிக்கொடுத்த மூதாட்டியின் பெயர் மறைந்துவிடுகிறது.

கேட்பதற்குச் சில அளவுகோல்கள்

புதிய குழுவின் பாட்டை மூன்று முறையேனும் கேட்க வேண்டும். முதல்முறை தாளம் நம்மைப் பிடிக்கும். அந்தப் பிடிப்பை நம்பி முடிவு செய்தலாகாது. இக்காலத்துப் பாட்டுகள் பல, முதல் அரை நிமிடத்திலேயே காதைக் கவரும் வகையில் கட்டப்படுகின்றன. அதற்குமேல் அவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. இரண்டாம் முறை சொற்களைக் கேட்க வேண்டும். கோபம் என்றால் எதன்மீது, காதல் என்றால் யார்மீது என்பது தெளிவாகிறதா? அல்லது ஓசைக்காக அடுக்கிய சொற்களா? மூன்றாம் முறை கருவிகளைக் கேட்க வேண்டும். பறையும் உடுக்கையும் பாட்டின் உயிராக உள்ளனவா, மண்வாசனைக்காகத் தூவப்பட்டனவா? பறையை நீக்கிவிட்டாலும் பாட்டு மாறாமல் நிற்குமானால், அங்கே பறை வெறும் அலங்காரமே.

இதற்குப்பின் இன்னொன்று உண்டு. நம்மினும் வேறு வயதினரோடு அமர்ந்து அதைக் கேட்க வேண்டும். பேரனின் கைபேசிப் பாட்டைத் தாத்தாவும் சேர்ந்து கேட்டால், அவர் முகம் சுளிக்கும் இடமும் அவர் விரல் தாளமிடும் இடமும் பாட்டைப் பற்றி நமக்குப் பலவற்றைச் சொல்லும்.

ஒலிப்பதிவின் பளபளப்பை அளவுகோலாகக் கொள்ளாதிருப்பதும் நலம். செல்வமுள்ள நிறுவனத்தின் பாட்டு எப்போதும் வழுவழுப்பாகவே இருக்கும். குரல் சற்றுப் பிசிறினாலும், கித்தார் ஓரிடத்தில் தடுமாறினாலும், வேறு எவராலும் பாடியிருக்க இயலாத பாட்டாக அது இருக்கிறதா என்பதே கேள்வி. கேட்பவர் எண்ணிக்கையும் தகுதிக்கு அளவன்று. திருவிழாக் கூட்டத்தை எண்ணி எவரும் பக்தியை அளப்பதில்லை.

மலையின் பாட்டு எங்கே?

வால்பாறைத் தோட்டங்களின் துயரம் எழுத்தில் பதிவாகியுள்ளது. அங்கே மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. அதனைத் தழுவி 2013ல் பாலா 'பரதேசி' படத்தை எடுத்தார். நாவலில் தொழிலாளர்பால் இரக்கமும் சீர்திருத்த ஆர்வமும் கொண்டு போராடிய மருத்துவர், படத்தில் ஆட்டம் பாட்டத்தோடு மதம் பரப்புகிறவராக உருமாறியது நம்மில் பலரை வருத்தியது. மருத்துவர் ஒருவர் கண்ணால் கண்டு எழுதியதைக் காட்சிக் கவர்ச்சிக்காகத் திரிப்பது எவ்வளவு எளிது என்பதற்கு அது எடுத்துக்காட்டு. தன் கதையைப் பிறர் சொல்ல விட்டவனுக்கு நேர்வது இதுவே. அந்நாவலுக்கு ஈடான ஓர் இசைத்தொகுப்பை, அம்மலையின் மக்களே எழுதிப் பாடியதை, நான் இன்னும் கேட்கவில்லை.

காலமும் காத்திருக்கவில்லை. வால்பாறையின் மக்கள்தொகை 2001ல் ஏறக்குறைய 95,000 ஆக இருந்தது. 2011ல் ஏறக்குறைய 71,000 ஆகக் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு மலையிறங்கிவிட்டது. திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற இளையோரோடு பாட்டுகள் செல்வதில்லை. கொழுந்து பறிக்கும்போது பாடியவை, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவை லயன் வீடுகளில் எஞ்சியுள்ள மூதாட்டியரின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

இதில் நம் பங்கு ஒன்று உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணித்தது. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டுப் பாடல்களை அமைத்து, ஏழையின் இசைக்கும் இறைவன் செவிசாய்ப்பார் என்று நம்பி உழைத்தார். நம் பங்குகளின் பாடகற்குழுக்களில் விசைப்பலகையும் கித்தாரும் பழகும் இளைஞர்களுக்குக் கருவியும் இடமும் மேடையும் கிடைக்கின்றன. இல்லாதது ஒன்றே: பிறர் பாட்டைப் படியெடுப்பதை விட்டு, தம் பாட்டியிடம் சென்று அமர்ந்து கேட்கும் பழக்கம்.

புதிய இசைக்குழுக்களைத் தேடுவது என்றால் கைபேசித் திரையில் தேடுவது மட்டுமன்று. சோலையாற்றிலோ முடீஸிலோ உருளிக்கல்லிலோ ஒரு மூதாட்டியின் குரலை அவரது ஒப்புதலுடன் பதிவு செய்து, அவர் பெயரை முதலில் எழுதி, அதன்பின் தம் பெயரை எழுதும் ஓர் இளைஞன் நாளை தோன்றலாம். அவன் முதற்பாட்டு பிசிறுடையதாக இருக்கலாம். அதைக் கேட்போர் சிலராகவே இருக்கலாம். அந்தச் சிலருள் நாமும் இருக்க வேண்டும். நல்ல பாடகர் பிறப்பதற்கு முன் நல்ல செவிகள் பிறந்திருக்க வேண்டுமல்லவா?